கடைமடைக்கு நீர்

மட்டக்களப்பு வாவியின் கரையில் வளர்ந்த நமக்கு, நீர்ப்பஞ்சம் என்னும் சொல் சிறுபராயத்தில் வியப்பையே அளித்தது. வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி கண்முன் இருக்கப் பஞ்சம் எங்கிருந்து வரும்? வாவி நீரை வாயில் வைத்தபோது விடை கிடைத்தது. உலகத்து நீரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதில் நன்னீர் நூற்றுக்கு 2.5 பங்குதான், அதிலும் பெரும்பகுதி பனியாய் உறைந்துள்ளது. மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரிலோ நூற்றுக்கு 70 பங்கு வரை வேளாண்மைக்கே செல்கிறது. ஆதலின் நன்னீரின் வரலாற்றை நாடுவோர் வயலையும் வாய்க்காலையுமே நோக்கவேண்டும்.

எழுவான்கரையின் மணலில் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழமற்ற கிணறு தோண்டி அதனை மொள்ளலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் கிணறுகளை அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீரே மேலெழுந்தது. பருவமழைதான் அவற்றை மெல்லத் தேற்றியது. படுவான்கரையின் கதை வேறு. அங்கே நீர் குளத்தில் தேங்கி, வாய்க்கால் வழியே வயலை அடையவேண்டும். தேங்குவதற்கும் ஓடுவதற்கும் பலர் கூடி உழைத்தாகவேண்டும்.

அக்கூட்டுழைப்பு 19ஆம் நூற்றாண்டில் சிதைந்தது. 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியம் ஒழிந்ததை நாம் குறைகூறோம். ஆனால் அதனோடு, ஊரைக் கூட்டிக் குளக்கட்டைத் திருத்தும் அதிகாரமும் தளர்ந்தது. அவ்விடத்தில் வேறொன்றை அமைக்க அரசு நெடுங்காலம் எண்ணவில்லை. மேல்வயற்காரன் வாய்க்காலைத் துப்புரவு செய்யாது விட்டால் அவனைக் கேட்பார் இல்லை, காய்ந்தது கீழ்வயல்.

1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் இதனைக் கண்டார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனம் பற்றிய பழைய ஊர்வழமைகளுக்கு உயிரூட்ட முனைந்தது. அந்நாளில் மட்டக்களப்புக்கு உட்பட்டிருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்களும் திருத்தப்பட்டன. கருணை மட்டும் இதற்குக் காரணமன்று. நெல்வரி 1892 வரை அரசின் வருவாய்களுள் ஒன்று; விளையாத வயலில் வரி ஏது? இன்னொன்றையும் நாம் காணவேண்டும். வழமையை நிச்சயிக்கக் கூட்டப்பட்டோர் நிலவுடையோர். போடியார் பேசினார், அவர் வயலில் சேற்றை வெட்டிய முல்லைக்காரனுக்கு அவையில் இடமில்லை. அவ்விடத்தைச் சட்டம் தர ஒரு நூற்றாண்டு சென்றது. பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமே, உழுபவனும் அமரக்கூடிய பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது.

இதற்குள் நீரின் அளவே மாறிவிட்டது. பட்டிப்பளையாற்றை இங்கினியாகலையில் மறிக்கும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அமெரிக்க நிறுவனமொன்று அணையைக் கட்டிற்று. சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. புதிய வாய்க்கால்களின் ஓரத்தில் பெரும்பாலும் வெளியூர்ச் சிங்கள விவசாயிகள் குடியேற்றப்பட்டனர். அவர்களும் நிலமற்ற ஏழைகளே. எனினும் குடியேற்றம் மாகாணத்தின் குடித்தொகையை மாற்றும் அரசியலாயிற்று. 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர் இரத்தம் சிந்தியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது.

இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். தூர்ந்த வாய்க்காலில் நீர் கடைமடையை எட்டுவது அரிதாயிற்று. அதிகாரிகள் விவசாயியைக் குறைகூறினர். விவசாயி அதிகாரியைக் குறைகூறினான். இரண்டிலும் உண்மை இருந்தது.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒரு முயற்சியில் இறங்கின. இளைஞர்கள் விவசாயிகளோடு தங்கி, வாய்க்கால் தோறும் சிறு குழுக்களை அமைக்க உதவினர். அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு. சண்டைக்கு ஏற்ற காலம். நடந்ததோ வேறு. பல ஆண்டுகளாகக் கைபடாத வாய்க்கால்களைக் கூலியின்றித் துப்புரவு செய்தனர்; முறைவைத்து நீர் பாய்ச்சினர்; மிச்சம் பிடித்த நீரைக் கீழே விட்டனர். தலைப்பில் இருந்தவன் தான் பாய்ச்சக்கூடிய நீரை, தன் மொழி பேசாத கடைமடையானுக்கு விட்டுக்கொடுத்தான். நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலில் இதனை எழுதியுள்ளார். நம் வகுப்பறை வரலாற்றில் அணையின் உயரத்தைக் கேட்கும் வினா உண்டு. இதனைக் கேட்கும் வினாவை நாம் இதுவரை கண்டதில்லை.

இன்று உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழியே நகருக்கு வருகிறது. அந்நீரில்தான் நாம் தேநீர் போடுகிறோம். குளத்தை அடுத்த ஊர்களின் மக்கள் தமக்கும் குடிநீர் வேண்டுமெனக் குரலெழுப்பியதை அதே தேநீரோடு செய்தித்தாளில் படித்தோம்.