சாறேற்றக் கொள்கையின் வரலாறு

உறிஞ்சு பம்பியொன்று நீரை ஏறக்குறைய 34 அடிக்குமேல் உயர்த்த வல்லதன்று. வளிமண்டல அமுக்கம் தாங்கக்கூடிய நீர்நிரலின் எல்லை அதுவே. கலிபோர்ணியாவின் செக்குவோயா மரங்களோ 300 அடியையுங் கடந்து நிற்கின்றன. அவற்றின் உச்சியிலுள்ள இலைக்கு நீரை ஏற்றுவது யாது? இவ்வினாவுக்குத் தக்க விடை காண்பதில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

இவ்வாராய்ச்சியை முறையாகத் தொடக்கியவர் தாவரவியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். தேம்சு நதிக்கரையிலுள்ள ரெடிங்ரன் என்னும் ஊரின் குருவானவராகிய ஸ்ரீபன் ஹேல்ஸ் என்பவர். அவரது நூல் 1727இல் வெளிவந்தது. சூரியகாந்திச் செடியைச் சாடியோடு நிறுத்து, இலைகள் வழியே ஆவியாய் வெளியேறும் நீரை அவர் அளந்தார். வசந்த காலத்தில் வெட்டிய திராட்சைக் கொடியின் அடித்தண்டிற் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தியபோது, சாறு 20 அடிக்கும் மேலாக எழுந்தது. இவ்வேரமுக்கமே போதிய விடையெனப் பின்வந்தோர் சிலர் கருதினர். ஆயின், இலை தழைத்து நீர் மிகுதியாக வேண்டப்படும் கோடையில் வெட்டிய கொடி சாற்றை வெளிவிடாது நீரை உள்ளிழுத்தலை ஹேல்ஸே கண்டிருந்தார். மயிர்த்துளைத்தன்மையும் உதவவில்லை; மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு விட்டமுள்ள குழாயில் நீர் ஏறுவது ஓரடியளவே.

மரத்தின் உயிர்க்கலங்களே நீரைப் படிப்படியாக மேலே தள்ளுகின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கொள்கை. பொன் நகரப் பேராசிரியர் எட்வாட் ஸ்திராஸ்பேகர் இதனைக் கடுமையாகச் சோதித்தார். 20 மீற்றருக்கு மேற்பட்ட ஓக்கு மரமொன்றை அடியில் அரிந்து பிக்கிரிக்கமிலத்தில் நிறுத்தினார். நஞ்சு சென்ற வழியெங்கும் கலங்கள் மடிந்தன, நஞ்சோ ஏறிக்கொண்டேயிருந்தது. இலைகள் மடிந்தபின்னரே ஏற்றம் நின்றது. 1891இல் அவர் வெளியிட்ட இம்முடிவு, தள்ளுவது தண்டன்று என்பதை ஐயமற நிறுவிற்று.

அச்சோதனையை நேரிற் கண்டு டப்ளினுக்கு மீண்ட டிக்ஸன், ஜோலி என்னும் இருவர் 1894இல் துணிகரமான விடையொன்றைக் கூறினர். ஒருவர் தாவரவியலார், மற்றவர் பௌதிகம் வல்லவர். இலையிலிருந்து ஆவியாகும் நீர், தன் கீழுள்ள நீரை இழுக்கின்றது. நீரின் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி நிற்றலால், நிரல் அறாது வேர்வரை இழுபடுகின்றது என்பது அவர்தம் கருத்து. நீரைக் கயிறுபோல் இழுக்கலாமென்பதை நம்பப் பலர் மறுத்தனர். சிறு காற்றுக் குமிழியொன்று தோன்றினும் நிரல் அறுமன்றோ? குழாய்களைப் பிரிக்கும் நுண்மென்சவ்வுகள் குமிழியைப் பரவவிடாது தடுக்கின்றன என்றார் டிக்ஸன்.

எதிர்ப்பு ஓயவில்லை. கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ், தண்டின் உட்பட்டையிலுள்ள கலங்கள் இதயம்போல் துடித்துச் சாற்றைச் செலுத்துகின்றன என 1923இல் நூலொன்றில் வாதித்தார். அவருடைய கருவிகளின் நுண்மை வியத்தற்குரியது. எனினும், ஸ்திராஸ்பேகரின் நச்சு மரத்துக்கு அத்துடிப்பு விடையாகவில்லை. குமிழியடைத்த குழாய்கள் மீண்டும் நிரம்புவதில் உயிர்க்கலங்களுக்குப் பங்குண்டோ என்பது மட்டும் இன்றும் வாதத்துக்குரியது.

டப்ளின் அறிஞரின் இழுவிசை நெடுங்காலம் செவ்வனே அளக்கப்படாதிருந்தது. 1965இல் ஸ்கொலாண்டரும் துணைவரும் வெட்டிய கிளையை அமுக்கக் கலமொன்றில் அடைத்து, வெட்டுவாயிற் சாறு மீண்டும் தோன்றும்வரை வாயுவின் அமுக்கத்தை உயர்த்தினர். உயர்ந்த ஊசியிலை மரங்களின் கிளைகளைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தியே பெற்றனர். ஈரக்காட்டில் நான்கைந்து வளிமண்டல அளவாயிருந்த இழுவிசை, பாலைவனச் செடிகளில் 80 வரை உயர்ந்தது. அந்நெடுமரங்களிலோ, உயரம் ஏறுந்தோறும் அதற்கேற்ற அளவில் இழுவிசையும் மிகுந்து காணப்பட்டது.