அப்பா கிளைவ், மகன் கிளைவ்

திருபுவனையில் பள்ளிக்கூடம் போன எங்களுக்குக் கிளைவ் என்றால் ஒரே ஆள்தான்: ஆற்காட்டு முற்றுகை, பிளாசிப் போர், பரீட்சையில் ஐந்து மதிப்பெண். அவர் மகன் எட்வர்ட் சென்னையில் கவர்னராக இருந்தவர் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தமிழ்நாட்டின் தலையெழுத்தை அதிகம் மாற்றியவர் அந்த மகன்தான் என்பேன்.

அப்பா ராபர்ட் 1744-இல் ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்தில் கம்பெனி எழுத்தராக வந்தவர். 1748-இல் புதுச்சேரியை முற்றுகையிட்ட படையோடு எங்கள் பக்கமும் வந்தார். அரியாங்குப்பம் கோட்டையிலேயே அந்தப் படை பல நாளைத் தொலைத்தது. மழை பிடித்ததும் வந்த வழியே திரும்பியது. ஊருக்குள்ளே பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். 1751-இல் ஆற்காடு ராபர்ட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1762-இல் பிரபுப் பட்டம்.

மகனுக்குப் பணமும் பட்டமும் பரம்பரைச் சொத்து. 1798 முதல் 1803 வரை கவர்னர். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி சொன்னதைச் சென்னையில் நடத்திக் கொடுத்தார். போர்க்களத்துக்கு அவர் போகவில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டுக்குள் திப்பு வீழ்ந்தார், கயத்தாற்றில் கட்டபொம்மனும் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். 1801 டிசம்பர் 1-ஆம் தேதி அவர் பேரில் வந்த பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வேலும் வாளும் தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகள் அவை.

எனக்கு மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. ஆற்காட்டில் அப்பா போராடியது முகம்மது அலியை நவாபாக நிலைநிறுத்த. அதே முகம்மது அலியின் பேரன் அசீம் உத் தௌலாவிடம் 1801 ஜூலையில் ஒப்பந்தம் எழுதி வாங்கி, கர்நாடகத்தின் ஆட்சியைக் கம்பெனிக்கு மாற்றியது மகனின் அரசு. நவாபுக்குப் பட்டமும் வருமானத்தில் ஒரு பங்கும் மிஞ்சின. அப்பாவுக்கு அன்று கிட்டாத புதுச்சேரியும் 1793 முதலே ஆங்கிலேயர் வசம்தான்.

இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் சென்னை ராஜாஜி மண்டபத்துக்குப் போகலாம். எட்வர்ட் காலத்தில் கம்பெனிப் பொறியாளர் கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம் அது. பிளாசி, சீரங்கப்பட்டணம் என்ற இரண்டு வெற்றிகளின் நினைவாக எழுந்தது: ஒன்று அப்பாவுடையது, மற்றது மகன் காலத்தது. அதன் அகன்ற படிக்கட்டில்தான் எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் கலைஞருக்கும் கடைசியாக முகம் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள்.