ஊரைக் கட்டினது மக்கள், சாவி கம்பெனி கையில்: செகண்ட் லைஃப் கதை

1/
ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒரு பாட்டி சுகர் நோட்டை நீட்டிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "பழைய டாக்டரு எங்க கண்ணு?"னு கேட்டாங்க. டிரான்ஸ்ஃபர்ல போயிட்டார்னு சொன்னேன். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னாங்க. மாத்திரை அதேதான், டோஸும் அதேதான். ஆனாலும் அந்தம்மா முகம் வாடிப்போச்சு.

2/
அதே கேள்வியைப் பல வருஷம் கழிச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தின் வரலாற்றில் படித்தேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு ஊர். பெயர் செகண்ட் லைஃப். கம்பெனியில் ஆள் மாறும்போதும், விலை ஏறும்போதும், சாஃப்ட்வேர் மாறும்போதும் அந்த ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க என்பதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

3/
முதலில் அடிப்படை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1999-ல் பிலிப் ரோஸ்டேல் தொடங்கிய கம்பெனி லிண்டன் லேப். 2003 ஜூன் 23 அன்று அது செகண்ட் லைஃபைப் பொதுமக்களுக்குத் திறந்தது. உங்களுக்கு ஒரு உருவம் கிடைக்கும், அதுதான் அவதார். நடக்கலாம், பறக்கலாம், பேசலாம், வீடு கட்டலாம். பாயிண்ட் கிடையாது, எதிரி கிடையாது, ஜெயிக்கிறதும் கிடையாது. அதனால அதை கேம்னு சொன்னா அங்கே இருக்கிறவங்களுக்குக் கோபம் வரும்.

4/
அங்கே இருப்பவர்களுக்கு "ரெசிடென்ட்" என்று பெயர். (நம்ம ஆஸ்பத்திரியில ரெசிடென்ட்னா தூங்காத டாக்டர். அங்கே குடியிருப்பவர்.) கம்பெனி கொடுத்தது வெறும் நிலம், வானம், கடல். கட்டடம், மரம், செருப்பு, தலைமுடி என மற்ற எல்லாமே பெரும்பாலும் ரெசிடென்ட்கள் உட்கார்ந்து செஞ்சது. 2003 நவம்பரில் கம்பெனி ஒரு பெரிய அறிவிப்பு விட்டது: நீங்கள் உருவாக்கியதன் அறிவுசார் சொத்துரிமை உங்களுக்கே. அந்தக் காலத்தில் இப்படிச் சொன்ன ஆன்லைன் உலகம் அபூர்வம்.

5/
முதல் போராட்டம் அதே 2003-லேயே வந்தாச்சு. அப்போது ஒரு பொருள் கட்டினால் அதற்கு வரி, லிண்டன் டாலரில். நிறைய கட்டுறவனுக்கு நிறைய வரி. அமெரிக்கச் சின்னங்களைப் பெரிசு பெரிசா கட்டிக்கொண்டிருந்த ஒரு குழு கடுப்பாகி, ஊர் முழுக்க ராட்சத தேயிலைப் பெட்டிகளை அடுக்கியது. ஞாபகம் வருதா? 1773-ல் வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அதன் நகல். வருஷக் கடைசியில் வரி போயே போச்சு.

6/
இது ஏன் ஜெயித்தது? என் கணிப்பு: கம்பெனிக்காரங்க ஊருக்குள்ளேயே இருந்தாங்க. ஊழியர் எல்லோருக்கும் அங்கே "லிண்டன்" என்பதுதான் குடும்பப்பெயர். முதலாளி பிலிப் லிண்டன். வேற யாரும் அந்தப் பெயரை வெச்சுக்க முடியாது. குறிப்பிட்ட நேரத்தில் ஊருக்குள் வந்து உட்கார்ந்து குறை கேட்பார்கள், நம்ம ஓ.பி. மாதிரி. ஒவ்வொரு லிண்டனும் தனக்கென ஒரு கரடி பொம்மை செய்து மக்களுக்குக் கொடுப்பது வழக்கம். ரெசிடென்ட்கள் அதைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். எந்த வங்கி கஸ்டமர் கேர் ஊழியரின் பொம்மையை நாம சேர்த்து வெச்சிருக்கோம்?

7/
பிறகு புகழ் காலம். 2006 மே மாதம் பிசினஸ்வீக் பத்திரிகை அட்டையில் செகண்ட் லைஃபில் நிலம் வாங்கி விற்கும் ஒருவரின் அவதார். ராய்ட்டர்ஸ் உள்ளே ஒரு செய்தி அலுவலகமே திறந்தது. ஐபிஎம் வந்தது, பல்கலைக்கழகங்கள் வந்தன, அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி கூட வந்தது. 256-க்கு 256 மீட்டர் அளவுள்ள ஒரு தனித் தீவின் மாத வாடகை 2006 கடைசியில் 195 டாலரிலிருந்து 295 டாலராக ஏறியது. பொம்மை நிலத்துக்கு நிஜக் காசு.

8/
"வேலை வெட்டி இல்லாதவங்க"ன்னு நினைக்கத் தோணும். ஒரு டாக்டரா நான் நிக்கிற இடம் இதுதான். வீல்சேரிலும் படுக்கையிலும் இருப்பவர்கள் அங்கே நடந்தார்கள், நடனமாடினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக விர்ச்சுவல் எபிலிட்டி என்ற தொண்டு அமைப்பே அங்கே இயங்குகிறது. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டிக்காக வருடாவருடம் அவதார்களின் நிதி திரட்டும் நடை நடக்கிறது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத ஒருத்தருக்கு அது பொழுதுபோக்கு இல்லைங்க. அதுதான் அவங்க தெரு, அவங்க திண்ணை.

9/
2008-ல் காட்சி மாறுகிறது. ரோஸ்டேல் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். மே மாதம் மார்க் கிங்டன் என்பவர் வெளியிலிருந்து வந்து பொறுப்பேற்றார். அந்த அக்டோபரில் ஒரு குண்டு விழுந்தது. "ஓப்பன்ஸ்பேஸ்" என்ற விலை குறைந்த தீவுகளின் மாத வாடகையை 75 டாலரிலிருந்து 125 டாலராக்கப் போவதாக அறிவிப்பு. மூணுல ரெண்டு பங்கு ஒரே அடியா ஏறுது. அதுவும் அந்தத் தீவுகளை ஆயிரக்கணக்கில் வித்து முடிச்ச பிறகு.

10/
ஊரே தெருவுக்கு வந்தது. அவதார்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். ஏமாத்திட்டாங்க என்பதுதான் எல்லார் வாயிலும். ஒரு வாரத்தில் கம்பெனி பாதி இறங்கி வந்தது: 2009 ஜனவரியில் 95, ஜூலையில் 125 என்று இரண்டு தவணையாக உயர்வு. பழைய 75 டாலருக்கே வேணும்னா, அதில் கட்டக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை வெறும் 750. பலர் தீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

11/
கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லணும். அந்த மலிவுத் தீவுகள் கடல், காடு மாதிரி சும்மா அழகுக்கு விடப்பட்டவை. மக்கள் அதில் வீடு கட்டி, கடை வைத்து, வாடகைக்கும் விட்டார்கள். சர்வர் திணறியது. ஒரு படுக்கையில மூணு நோயாளி போட்ட மாதிரி. பிரச்சினை உண்மை. ஆனா பிரச்சினையை முன்னாடியே ஊர்கிட்ட சொல்லிப் பேசாம, முடிவை மட்டும் கொண்டு வந்து வெச்சதுதான் காயம்.

12/
2010 தொடக்கத்தில் அடுத்தது. புதியவர்களை இழுக்க வியூவர் 2 என்ற புது மென்பொருள். இணைய பிரவுசர் மாதிரி தோற்றம். பழைய ஆட்களுக்குக் கை கால் கட்டின மாதிரி ஆயிடுச்சு. பல வருஷமா கை பழகின பட்டன் எல்லாம் இடம் மாறிப்போச்சு. ஆனால் 2007-லேயே கம்பெனி வியூவரின் மூல நிரலைத் திறந்து விட்டிருந்தது. அதனால் ரெசிடென்ட்கள் தாங்களே வியூவர் செய்துகொண்டார்கள். அப்படி ரெசிடென்ட்கள் செய்த ஃபயர்ஸ்டார்ம்தான் இன்றும் பெரும்பாலானோர் கையில்.

13/
2010 ஜூன் 9. லிண்டன் லேப் தன் ஊழியர்களில் 30 சதவீதம் பேரை வேலையை விட்டு அனுப்பியது. மென்பொருள் குழுக்களை வட அமெரிக்காவுக்குள் ஒடுக்குகிறோம், பிரவுசரிலேயே ஓடும் செகண்ட் லைஃபை நோக்கிப் போகிறோம் என்பது விளக்கம்.

வேற எந்தக் கம்பெனியிலும் இது பிசினஸ் பக்கத்துல நாலு வரி. இங்கே அது ஊர்த் துக்கம்.

14/
ஏன்னு கேளுங்க. போனவங்க முகம் தெரியாத "ஸ்டாஃப்" இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய லிண்டன்கள். யார் யார் போனாங்கன்னு ரெசிடென்ட்களே பட்டியல் போட்டார்கள். வேலை போன அன்றே அந்த அவதாரின் கதையும் முடிந்தது, ஏன்னா அந்தக் குடும்பப்பெயர் கம்பெனிக்குச் சொந்தம். அவர் கொடுத்த கரடி பொம்மை மட்டும் இவர்கள் பையிலேயே கிடந்தது.

பழைய டாக்டரு எங்க கண்ணு?

15/
இரண்டே வாரத்தில் கிங்டனும் விலகினார். ரோஸ்டேல் இடைக்காலத் தலைவராகத் திரும்பி வந்தார். "அண்ணன் வந்துட்டாரு"ன்னு ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனால் அக்டோபரில் அவரும் அந்தப் பொறுப்பை விட்டார். அதே மாதம், பல்கலைக்கழகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுத்து வந்த 50 சதவீதத் தள்ளுபடி வருஷக் கடைசியோடு நிற்கும் என்று அறிவிப்பு. கல்லூரி பட்ஜெட் எல்லாம் முன்னாடியே போட்டு முடிச்சிருக்கும் நேரம் அது.

16/
இந்த முறை பெரிய ஊர்வலமே இல்லாமல் பல கல்வியாளர்கள் மூட்டை கட்டினார்கள். செகண்ட் லைஃப் மாதிரியே இயங்கும் இலவச மென்பொருள் ஓப்பன்சிமுலேட்டர் 2007-லிருந்தே இருந்தது. சொந்த சர்வரில் சொந்த ஊர். சில வருஷம் கழித்துக் கம்பெனி தள்ளுபடியைத் திரும்பக் கொடுத்தது. போனவங்க எல்லாரும் திரும்பி வரலை.

இதைக் கவனிங்க. ஜனங்க சண்டை போடும்போது உறவு இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். வலின்னு கத்துற நோயாளியைவிட அமைதியா ஆகிற நோயாளியைப் பார்த்துதான் நாங்க பயப்படுவோம்.

17/
இன்னொரு அழகான கிளைக்கதை. கார்ல் லிண்டன் என்று ஒரு புரோகிராமர். செகண்ட் லைஃபில் வளைந்து நெளிந்த வடிவங்கள் செய்யும் "ஸ்கல்ப்டி" நுட்பம் அவருடையது. 2010-ல் கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த புது வகை உடைகள் அவதார் உடம்புக்குப் பொருந்தவில்லை. ரெசிடென்ட்கள் தங்களுக்குள் நிதி திரட்டி, அந்த முன்னாள் லிண்டனுக்கே காசு கொடுத்து அதற்கு மருந்து எழுதச் சொன்னார்கள். அவரும் எழுதினார். கம்பெனி கடைசியில் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2014-ல் வேறொரு வழியைக் கொண்டு வந்தது.

18/
மொத்தமா கடையை மூடினா என்ன ஆகும்? அதற்கு வேறொரு ஊரைப் பார்க்கணும். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற சூப்பர்ஹீரோ கேம். 2012 ஆகஸ்ட் 31 அன்று தென்கொரியாவின் என்சிசாஃப்ட், அதை நடத்திய பாராகன் ஸ்டுடியோவையே மூடியது. ஊழியர் எல்லோருக்கும் வேலை போனது. வீரர்கள் கேமுக்குள்ளேயே அட்லஸ் பார்க் சிலையடியில் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். கூட்டம் தாங்காமல் அந்தப் பூங்காவுக்கே பல பிரதிகள் திறக்க வேண்டியிருந்தது. கம்பெனி அசையவில்லை. நவம்பர் 30 அன்று விளக்கு அணைந்தது.

19/
கதை அதோட முடியலை. ரசிகர்கள் சிலர் அதை ரகசியமாக ஒரு சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தது 2019-ல் வெளியே தெரிந்தது. பெரிய சண்டைக்குப் பிறகு அது எல்லோருக்கும் திறந்தது. 2024 ஜனவரியில், ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு என்சிசாஃப்டே முறைப்படி உரிமம் கொடுத்தது. மூடி 11 வருஷம் கழிச்சு! அதுவரைக்கும் ஒரு கூட்டம் அந்த ஊரை மனசுல வெச்சிருந்ததுன்னா பாருங்க.

20/
செகண்ட் லைஃபுக்குத் திரும்புவோம். 2014-ல் எபே ஆல்ட்பெர்க் தலைவரானார். அந்த வருஷமே, புத்தம் புது உலகம் ஒன்று கட்டுகிறோம் என்று கம்பெனி சொல்ல, "அப்ப எங்க ஊரு?" என்று ஒரே பதற்றம். வீடு இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா யாராவது வெள்ளை அடிப்பாங்களா? அந்தப் புது உலகம் சான்சார் 2017-ல் திறந்தது, கூட்டம் சேரவில்லை, 2020-ல் விற்கப்பட்டது. பழைய ஊர் இன்னும் நிற்கிறது. 2018-ல் தீவு வாடகையை 295-லிருந்து 249-ஆகக் குறைக்கவும் செய்தார்கள்.

21/
2021 ஜூனில் ஆல்ட்பெர்க் பதவியில் இருக்கும்போதே காலமானார். அந்த ஊர் அழுதது. கம்பெனிகூட இத்தனை வருஷம் சண்டை போட்ட அதே ஜனங்கதான். ஊருக்குள் வந்து பேசின மனுஷன் என்பதால்.

22/
இவ்வளவும் படித்தபின் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மாற்றம் வருதேன்னு மட்டும் மக்கள் கோபப்படுறதில்லை. 2003-ல் எதிர்ப்பு முழுசா ஜெயித்தது, ஏன்னா கேக்கிற காது ஊருக்குள்ளேயே இருந்தது. 2008-ல் பாதி ஜெயித்தது. 2010-ல் வெட்டப்பட்டதே அந்தக் காதுதான். கணக்குப் புத்தகத்தில் அது சம்பளச் செலவு. ஊருக்கு அது தன்னைத் தெரிந்த மனுஷன்.

23/
"எனக்கு இதுல என்ன?"ன்னு கேக்காதீங்க. ஆர்க்குட் ஞாபகம் இருக்கா? 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் அதை மூடியது. உங்க காலேஜ் நண்பன் எழுதின ஸ்க்ராப் இப்ப எங்கே? இந்த த்ரெட்டை நான் எழுதுறதும் ஒரு கம்பெனியோட நிலத்துலதான். நாளைக்கு அங்கேயும் ஆள் குறைப்பாங்க, பட்டனை மாத்துவாங்க, ஒருநாள் மூடவும் செய்வாங்க.

24/
அதனால மருந்துச் சீட்டு:
• குழந்தை போட்டோ, அப்பா குரல் பதிவு எல்லாத்துக்கும் உங்க கையில ஒரு நகல். மாசம் ஒரு முறை.
• ஆன்லைன்ல மட்டும் தெரிஞ்ச நல்ல நண்பரோட போன் நம்பரை அவரிடமே கேட்டு வாங்கி வையுங்க.
• "நெட்ல பழகுனதுக்கா அழறே?"ன்னு யாரையும் கேலி செய்யாதீங்க. அந்த இழப்பு நிஜம்.

25/
அந்தப் பாட்டி அப்புறம் மாசாமாசம் என்கிட்ட வந்தாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு எனக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. இந்த முறை ஒரு வாரம் முன்னாடியே ஓ.பி.யில ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். புதுசா வர்ற டாக்டர் பேரையும் சொன்னேன். பாட்டி, "சரி கண்ணு, அவுங்களும் நல்லா பாப்பாங்கல்ல?"ன்னு கேட்டாங்க.

பாப்பாங்க பாட்டின்னேன்.

நைட் டூட்டி முடிஞ்சுது. தூங்கப் போறேன். உங்க ஆர்க்குட் காலத்துக் கதை இருந்தா கீழே எழுதுங்க, எழுந்ததும் படிக்கிறேன்.