பிரைஸ் கேன்யனின் இணைப்புத் தடங்கள்: ஒருநாள் நடையின் அமைப்பு குறித்த ஆய்வு

1. களமும் கருத்தும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரைஸ் கேன்யன் 1923இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் 1928இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அதன் மேல்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 முதல் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள நடைத்தடங்களில் பல குறுகியவை. அவை ஒன்றோடொன்று கூடும் சந்திகளால்தான் இரண்டு மணி நேர நடையும் ஒருநாள் நடையும் ஒரே இடத்தில் அமைகின்றன. ஆகவே எந்தத் தடம் என்பதற்கு முன் எந்தச் சேர்க்கை, எந்தத் திசை என்பதை முடிவுசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. நிலத்தின் இயல்பு

பிரைஸ் கேன்யனின் பள்ளத்தை வெட்டியது பேராறு அன்று; மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பு அரிபட்டு உண்டான குடைவுகளின் வரிசை இது. சுண்ணாம்புக்கல் மிகுந்த கிளாரன் பாறை அடுக்குகளின் விரிசல்களில் நீர் புகுகிறது. உறையும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து பாறையைப் பிளக்கிறது. ஆண்டில் 170 நாட்களுக்கு மேல் இங்கே உறைதலும் உருகுதலும் மாறிமாறி நிகழ்கின்றன. அகன்ற பாறை ஒடுங்கிச் சுவராகிறது. சுவரில் துளை விழுகிறது. துளையின் கூரை சரிந்ததும் ஹூடூ எனப்படும் தூண் எஞ்சுகிறது. சுவர்களுக்கு இடையே உள்ள சந்துகளே பல இடங்களில் தடத்துக்கு வழிவிடுகின்றன.

3. தடங்களின் சேர்க்கை

3.1 சிறு சுற்று: மேல்விளிம்பிலுள்ள சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து குவீன்ஸ் கார்டன் தடத்தில் இறங்கி, அடித்தளத்து இணைப்பு வழியே நவஹோ தடத்தில் சேர்ந்து, சன்செட் பாயின்ட்டுக்கு ஏறி, விளிம்பு வழியாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். மொத்தம் சுமார் 4.6 கிலோமீட்டர்.

3.2 பெருஞ்சுற்று: இதே நடையில் பீக்கபூ சுற்றையும் கோத்தால் தடம் எட்டு வடிவம் கொள்ளும். நீளம் 10 கிலோமீட்டரைத் தாண்டும். பீக்கபூவில் குதிரைகளும் வரும். அவற்றுக்கே முன்னுரிமை, நடப்பவர்கள் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும்.

4. திசையின் முக்கியத்துவம்

மலையேற்றத்தில் களைப்புக்குப் பின் இறக்கம் வரும்; இங்கே களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்குகிறது. சிறு சுற்றைக் கடிகாரத் திசையில் நடக்குமாறு பூங்கா நிர்வாகம் பரிந்துரைக்கிறது. பள்ளத்துள் செல்லும் தடங்களில் சரிவு குறைந்தது குவீன்ஸ் கார்டன். முழங்கால் நோகாமல் இறங்க அது ஏற்றது. செங்குத்தான நவஹோவில் ஏறும்போது கால் ஊன்றி நடக்க முடியும்.

நவஹோவின் ஒரு கிளையான வால் ஸ்ட்ரீட்டில் இரு புறமும் செம்பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்கின்றன. அந்த இடுக்கில் வெயிலைத் தேடி டக்ளஸ் ஃபிர் மரங்கள் நெட்டையாக வளர்ந்துள்ளன. அதைக் கடந்ததும் அடுத்தடுத்து வரும் கொண்டை ஊசி வளைவுகளில் விளிம்புக்கு ஏறலாம்.

5. காலமும் காப்பும்

பாறையைப் பிளக்கும் அதே உறைபனி தடத்தையும் தாக்குகிறது. கல்சரிவும் பனிக்கட்டியும் இருப்பதால் குளிர்காலத்தில் வால் ஸ்ட்ரீட் மூடப்படும். நவஹோவின் மற்றொரு கிளையான டூ பிரிட்ஜஸ் திறந்திருந்தால் சுற்று அறுபடாது. இணைப்பின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. கோடைப் பிற்பகல்களில் இடிமின்னல் வரும்; ஆகவே காலையிலேயே புறப்படுவது நல்லது. இந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் மூச்சு வாங்கும். அடிப்பிடிப்பு நல்ல காலணியும் போதிய தண்ணீரும் கட்டாயம்.

6. முடிவு

தூரக் கணக்கு மட்டும் இந்த நடைகளை அளக்கப் போதாது. இறக்கம், சந்தி, ஏற்றம், பருவம் ஆகிய நான்கையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அப்படித் திட்டமிட்டவர், நடுவழியில் வானம் கறுத்தாலும் உடல் தளர்ந்தாலும் எந்தச் சந்தியில் திரும்பினால் விரைவில் விளிம்பை அடையலாம் என்பதை முன்பே அறிந்திருப்பார்.