அட்டை ஒருவரிடம், கதை இன்னொருவரிடம்

கிள்ளானில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலமாகி நாற்பது நாள் கழிந்தபின் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டை விற்கப்போவதாகவும், புத்தகங்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படியும் மகள் அழைத்திருந்தார். அதற்குள் பாதி அலமாரி காலியாகியிருந்தது. “போன வாரம் பேப்பர் லாமா வண்டி வந்துச்சு சார். தம்பிதான் தூக்கிப் போட்டுட்டான். எங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாதே” என்றார். குரலில் குற்றவுணர்வு இருந்தது. நான் என்ன சொல்வது?

மிச்சமிருந்தவற்றில் அட்டையில்லாத ஒரு சிறுகதைத் தொகுப்பு கிடைத்தது. முன்பக்கங்கள் இல்லை, எழுதியவர் யார், எங்கே அச்சானது, எந்த ஆண்டு, ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் பழைய நூலொன்றைப் புரட்டினேன். பொருளடக்கத்தில் அதே கதைத் தலைப்புகள். அவரிடம் அட்டையும் முன்பக்கங்களும் இருந்தன; பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் இரண்டும் ஒரே நூல் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது.

இந்நாட்டுத் தமிழ் நூல்களைத் தேடிப் பட்டியலிடும் முயற்சி புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்ற நூற்பட்டியலை அப்பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. கணினி இல்லாத காலத்தில் அதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அச்சுப் பட்டியல் அச்சேறிய அன்றே முடிந்துவிடுகிறது. விடுபட்ட நூல் கிள்ளானில் ஒருவர் வீட்டில் இருந்தால், அதை எங்கே போய்ச் சேர்ப்பது?

சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலுக்கு ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் தானே அச்சிட்டு, தானே காரில் ஏற்றிக்கொண்டு போய் விற்கும் எழுத்தாளர்களில் நான் அறிந்த பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

விக்கி என்ற கருவி இங்கேதான் பொருள்படுகிறது. 1995இல் அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியை உருவாக்கினார். ‘விக்கி விக்கி’ என்றால் ஹவாய் மொழியில் ‘சீக்கிரம்’. ஹொனலுலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து எடுத்தது. யாரும் திருத்தலாம், யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அழியாமல் நிற்கும். 2005இல் மெரடித் ஃபார்க்காஸ் என்ற அமெரிக்க நூலகர், நூலகர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு விக்கியைத் தொடங்கினார்.

தமிழில் 1998லேயே மதுரைத் திட்டம் பல நாட்டுத் தன்னார்வலர்களைச் சேர்த்து இலக்கியங்களைத் தட்டெழுதத் தொடங்கிவிட்டது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதைத் தொடக்கத்தில் தனியாளாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் மயூரநாதன், அபுதாபியில் பணியாற்றிய யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர்.

ஆனால் நூலகமும் விக்கியும் உண்மையில் ஒன்றான இடம், 2005இல் ஈழத்தமிழர்கள் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. ஒரே கட்டடத்தை நம்பக்கூடாது என்பதை அவர்கள் நெருப்பிலிருந்து கற்றார்கள். விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண், ஒரு பக்கம்: ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, பொருளடக்கம். யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த இதழ், இன்னொரு நாட்டில் இருப்பவரின் ஆய்வுக்கு உதவுகிறது.

நம்மிடம் எதுவும் எரியவில்லை. பேப்பர் லாமா வண்டியில் கிலோ கணக்கில் போகிறது, அவ்வளவுதான்.

யாரும் திருத்தலாம் என்றால் தவறும் நுழையுமே என்பார்கள். நுழையும். 2022இல் தொடங்கிய ‘தமிழ் விக்கி’ அதற்காகவே ஆசிரியர் குழுவின் மேற்பார்வையில் இயங்குகிறது. மலேசிய எழுத்தாளர்கள் பலருக்கும் அதில் பக்கங்கள் உண்டு. இரண்டு முறையிலும் பயன் இருக்கிறது. அச்சில் வந்த தவறு அடுத்த பதிப்புவரை காத்திருக்கும். விக்கியில் வந்த தவறு, தெரிந்தவர் ஒருவர் வரும்வரைதான் காத்திருக்கும்.

காப்புரிமை பற்றியும் கேட்கிறார்கள். மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து ஐம்பது ஆண்டுகள்வரை நூலின் உரிமை இருக்கிறது. அனுமதியின்றி முழு நூலையும் பதிவேற்றக்கூடாது. ஆனால் “இப்படியொரு நூல் உண்டு, இந்த ஆண்டு வந்தது, ஒரு பிரதி கிள்ளானில் இருக்கிறது” என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த மூன்று தகவல்களும் பொதுவில் இருந்திருந்தால் என் கையிலிருந்த அட்டையில்லாத நூலுக்கு அன்றே பெயர் கிடைத்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் நண்பரும் நானும் இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒன்றாக்கினோம். நடுவில் இன்னும் நான்கு பக்கங்கள் குறைகின்றன. அவை எங்காவது மூன்றாவது வீடு ஒன்றில் இருக்கக்கூடும், அந்த வீட்டை இன்னும் விற்காமல் இருந்தால்.