முட்டை இல்லாமலும் ஊறும் பரிவு: கடற்பறவைகளின் குஞ்சு பேணலில் புரோலாக்டின் – ஓர் ஆய்வு வரலாறு

முன்னுரை

அடைக்குப் படுத்த கோழியின் அடியிலிருந்து முட்டையை எடுத்துவிட்டாலும் அது வெறுங்கூடையை விட்டு எளிதில் எழாது. அடை தெளியச் சில நாள் பிடிக்கும். முட்டையும் குஞ்சும் கண்முன் இருப்பதால் பறவை அவற்றைப் பேணுகிறதா, உடலில் ஊறும் ஹார்மோன் பேண வைக்கிறதா? 1930களில் ஆய்வகப் புறாவிடம் தொடங்கிய இந்தக் கேள்வி கடற்பறவைகளிடம் எவ்வாறு வேறு விடை பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வகக் காலம்

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய குழுவினரும் 1932–33இல் ஒரு பிட்யூட்டரி ஹார்மோனை இனங்கண்டு, புரோலாக்டின் என்று பெயரிட்டனர். புறாவின் தீனிப்பைச் சுவரைத் தடிக்கச் செய்து, குஞ்சுக்கு ஊட்டும் ‘புறாப்பாலை’ உண்டாக்குவது அதுவே. 1935இல் அதே ஹார்மோனை ஊசிவழி செலுத்திக் கோழிகளை அடைக்குப் படுக்க வைத்தனர். ஹார்மோன் ஆணையிடுகிறது, பறவை பணிகிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

அந்த எண்ணத்தைத் திருத்தியவர் டேனியல் லேர்மன். 1955இல் அவர் வெளியிட்ட ஆய்வில், முன்பே குஞ்சு வளர்த்த புறாக்கள் புரோலாக்டின் ஊசிக்குப் பின் குஞ்சுகளுக்கு ஊட்டின. அந்தப் பழக்கமில்லாதவை ஊட்டவில்லை. 1968இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஆண் புறாவைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வைத்தனர். அங்கிருந்து அதனால் முட்டையைத் தொட முடியாது. அடைகாக்கும் இணையைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அதன் தீனிப்பை வளர்ந்தது. ஹார்மோன் நடத்தையைத் தூண்டுகிறது, கண்ட காட்சி ஹார்மோனைத் தூண்டுகிறது என்ற இருவழி உறவு இவ்வாறு தெளிவானது.

களத்துக்கு வந்த அளவீடு

சிறிதளவு இரத்தத்திலேயே ஹார்மோனை அளக்கும் கதிரியக்க நோயெதிர்ப்பு மதிப்பீட்டு முறை வந்தபின் ஆய்வு கூண்டைத் தாண்டியது. தெற்கு ஜார்ஜியாவின் பேர்ட் தீவில் அடைகாத்த ஆல்பட்ராஸ்களின் புரோலாக்டின் அளவுகள் 1985இல் வெளியாயின. இப்பறவைகளில் இணைகள் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருக்க, மற்றொன்று பல நாள் கடலில் இரைதேடும். முட்டையைப் பார்த்தால்தான் ஹார்மோன் ஊறும் என்றால், இந்த வாழ்க்கை எப்படி நடக்கும்?

விடை அண்டார்க்டிகாவின் அடேலி நிலத்தில் கிடைத்தது. பேரரசப் பெங்குவினுக்குக் கூடே கிடையாது. ஆண் பறவை ஒற்றை முட்டையைப் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோல்மடிப்பால் மூடி, உறைபனியில் ஏறத்தாழ 65 நாள் பட்டினியோடு நிற்கும். பெண் பறவையோ முட்டையை ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குப் போய், இரண்டு மாதம் கழித்தே திரும்பும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட முடிவின்படி, குஞ்சின் அண்மையின்றி நெடுநாள் கடலில் இருந்து திரும்பும் பெற்றோரிடமும் புரோலாக்டின் உயர்ந்தே இருந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குஞ்சை இழந்த பெங்குவின்களிலும் புரோலாக்டின் உடனே தணிவதில்லை. அவற்றில் சில அடுத்தவரின் குஞ்சைப் பறித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் சிறிது காலத்திலேயே அதைக் கைவிட்டும் விடுகின்றன. புரோமோகிரிப்டின் என்னும் மருந்தால் புரோலாக்டினைக் குறைத்தபோது இந்தக் குஞ்சுக் கடத்தல் குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

எதிர்விசை

எனினும் புரோலாக்டினின் இந்த ஊற்று அடைபடாததன்று. ஸ்வால்பார்டில் கிட்டிவேக் கடற்காகங்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிகோஸ்டீரோனைச் செயற்கையாக உயர்த்தியபோது, பறவைகளின் புரோலாக்டின் சரிந்தது. அவை கூட்டில் இருக்கும் நேரமும் சுருங்கியது. நீண்ட ஆயுள் கொண்ட பறவைக்கு ஒரு பருவத்துக் குஞ்சை விடத் தன்னுயிர் பெரிதாகும் தருணம் உண்டு என்பதற்கான உடலியல் வழியாக இது கொள்ளப்படுகிறது.

முடிவுரை

புறாவில், காண்பது ஹார்மோனை வளர்த்தது. பெங்குவினில், காணாதபோதும் ஹார்மோன் நிலைத்தது. இரை தொலைவில் இருப்பதால் பிரிந்து வாழ வேண்டிய பறவைக்கு, திரும்பிவரும் நாள்வரை குஞ்சு பேணும் உந்துதலைக் காப்பதே புரோலாக்டினின் பணி. குஞ்சுக் கடத்தல் அந்தப் பணியின் பிழையன்று. காக்க ஒன்றுமில்லாத பின்னும் அது தொடர்வதன் விளைவு. வெறுங்கூடையில் படுத்திருக்கும் கோழியும் அதையே காட்டுகிறது.