ஒரு தோள்பட்டையின் கோப்பு

2018 ஜனவரி 27, 28 தேதிகளில் பெங்களூரு ஓட்டல் ஒன்றில் ஐபிஎல் ஏலம் நடந்தது. விருத்திமான் சாஹாவை 5 கோடி ரூபாய்க்கு எடுத்தது சன்ரைசர்ஸ் ஹைதராபாத். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர் கேப் டவுன் டெஸ்டில் 10 கேட்ச் பிடித்து, ஒரே டெஸ்டில் இந்திய விக்கெட் கீப்பர் எவரும் தொடாத எண்ணிக்கையைத் தொட்டிருந்தார். தென்னாப்பிரிக்காவிலேயே தொடையின் பின்தசையில் காயமும் பட்டது. அது ஊரறிந்த காயம். ஏலத்தில் கை தூக்கியவர்களுக்கும் தெரியும்.

தோள்பட்டை விஷயம் வேறு. ஏலம் முடிந்த கையோடு சாஹா தேசிய கிரிக்கெட் அகாடமிக்குப் போனார். அப்போது அது சின்னசாமி மைதான வளாகத்தில், ஏலம் நடந்த ஓட்டலிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருந்தது. தொடையைப் பார்க்கப் போன இடத்தில், வலது தோளும் வலிக்கிறது என்றார். எம்ஆர்ஐ எடுத்தார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி போட்டார்கள். அந்தத் தோளுக்கென்று ஒரு கோப்பு பிறந்தது அப்போதுதான். விற்பனை முடிந்த பிறகு பிறந்ததால், இதில் யாரும் எதையும் மறைத்து விற்றார்கள் என்று சொல்ல முடியாது.

மார்ச்சில் உடற்தகுதித் தேர்வில் தேறி ஹைதராபாத் அணிக்குப் போனார். மே மாதம் பந்துக்குப் பாய்ந்தபோது அதே தோளின் மேல் விழுந்தார். சில ஆட்டங்கள் உட்கார்ந்துவிட்டு, கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது குவாலிஃபையருக்குத் திரும்பியபோது கட்டைவிரலில் அடி. ஜூனில் சின்னசாமியில் ஆப்கானிஸ்தானின் முதல் டெஸ்ட். சாஹாவின் இடத்தில் நம் தினேஷ் கார்த்திக் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெள்ளைச் சட்டை போட்டார். கார்த்திக்குக்காக மகிழ்ந்த நாம் அந்தத் தோளை மறந்துவிட்டோம்.

ஜூலையில் கோப்பு மறுபடி திறந்தது. கடைசியில் மான்செஸ்டரில் அறுவை சிகிச்சை. அகாடமியே வைத்தியத்தைக் கெடுத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுத, கிரிக்கெட் வாரியம் அந்தத் தோளின் வரலாற்றைத் தேதிவாரியாக அறிக்கையாகவே வெளியிட்டது. ஒரு மனிதனின் ஸ்கேனும் ஊசியும் ஊர் பார்க்க வந்தன, வாரியத்தின் பெயரைக் காப்பாற்றுவதற்காக. சாஹா அடுத்த டெஸ்ட் ஆடியது 2019 அக்டோபரில், விசாகப்பட்டினத்தில்.

கோப்பு வாரியத்திடம், ஆட்டக்காரர் இரண்டு மாதம் ஐபிஎல் முதலாளிகளிடம். இந்த ஏற்பாட்டில் காயத்தை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியவர் யார்? அமெரிக்க பேஸ்பாலில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும்போது, பொதுவான கணினிப் பதிவைத் திறந்து வாங்குபவரிடம் காட்ட வேண்டும். 2016இல் சான் டியேகோ பாட்ரஸ் அணி, ட்ரூ பொமரன்ஸ் என்ற பந்துவீச்சாளரை பாஸ்டனுக்குக் கொடுத்தபோது மருத்துவத் தகவல் முழுவதையும் தரவில்லை. லீக் விசாரித்து, அணியின் பொது மேலாளர் ஏ.ஜே. பிரெல்லரை 30 நாள் சம்பளமில்லாமல் வெளியே உட்கார வைத்தது. தண்டனை பொமரன்ஸுக்கு அல்ல, விற்ற அணிக்காரருக்கு. அதுதான் சரி என்பேன்.

சொன்னால் விலை போகாது என்ற பயம் வேறு. 2022 பிப்ரவரியில் அதே பெங்களூரில் நடந்த ஏலத்துக்கு முன், முழங்கைக் காயத்திலிருந்த ஜோஃப்ரா ஆர்ச்சர் அந்த ஆண்டு ஆட வாய்ப்பில்லை என்று எல்லா அணிகளுக்கும் தெரிவிக்கப்பட்டது. தெரிந்தேதான் மும்பை 8 கோடி கொடுத்தது. அடுத்த சீசனில் ஐந்தே ஆட்டம் ஆடினார் என்பது மும்பையின் கணக்கு. ஏமாந்தோம் என்று அவர்கள் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றால், அங்கேதான் எனக்குத் தயக்கம். 2023 நவம்பரில் கேமரூன் கிரீன் மும்பையிலிருந்து பெங்களூருக்கு 17.5 கோடிக்கு மாறினார். டிசம்பரில், பிறவியிலேயே தனக்குத் தீராத சிறுநீரக நோய் இருப்பதாக அவரே வாய் திறந்து சொன்னார். அந்த நோயோடுதான் அவர் முந்தைய ஐபிஎல்லில் மும்பைக்காகச் சதம் அடித்திருந்தார். ஆட்டத்தைத் தடுக்கிற காயம் ஒன்று, உடம்போடு வந்த நோய் இன்னொன்று. முன்னதை வாங்குபவர் கேட்கலாம். பின்னதைச் சொல்வது ஆட்டக்காரரின் விருப்பம்.

அகாடமி இப்போது பெங்களூரு விமான நிலையப் பக்கம் 40 ஏக்கரில், 2024 செப்டம்பரில் திறந்த புதிய வளாகத்தில் இருக்கிறது. கோப்புகளும் அங்கேதான். ஏலப் பட்டியலில் ஆட்டக்காரரின் அடிப்படை விலை அச்சாகிறது. அதன் பக்கத்திலேயே, அவர் கையெழுத்தோடு, நடப்புக் காயம் என்ன, எத்தனை வாரம் ஆட முடியாது என்ற இரண்டு வரியையும் வாரியம் அச்சிட வேண்டும். விடுபட்டால் பதில் சொல்ல வேண்டியது கோப்பை வைத்திருப்பவர். உடம்பை வைத்திருப்பவர் அல்ல.